வாயில் வெடித்ததா, வாலில் வெடித்ததா?

செஞ்சியைத் தாண்டி, திருவண்ணாமலை சாலையில், கோட்டை மதிலுக்குப் பக்கத்தில் ஒரு மரத்தடியில் வண்டி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தாத்தா வாங்கிய பெட்ரோல் அம்பாசிடர். மே மாதம். திண்டிவனத்திலிருந்து வந்த 28 கிலோமீட்டரும் வண்டி ஒரு குறை சொல்லவில்லை. ராஜகிரி உச்சிவரை ஏறுவதாகத்தான் கிளம்பினீர்கள். பாறை கக்குகிற அனலில், கல்யாண மகாலைச் சுற்றிப் பார்த்ததோடு முழங்கால் போதும் என்றுவிட்டது. அரை மணியில் திரும்பி வந்து, பழக்க தோஷத்தில் சோக்கை இழுத்து, செல்ஃப் அடித்தீர்கள். இன்ஜின் முனகியது. இன்னொரு முறை. இன்னும் ஒரு முறை. பிறகு ஒரு 'டமார்'.

மதில் மேலிருந்த குரங்குகள் இடம் மாறிக்கொண்டன. அதன் பிறகு செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை.

1714-இல் தேசிங்கு ராஜன் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானை எதிர்த்துக் குதிரையேறிப் போன ஊர் இது. உங்கள் 1489 சிசி இன்ஜினுக்குள் ஏறக்குறைய 50 குதிரைகள். அத்தனையும் ஒன்றாகப் படுத்துவிட்டன. 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய கோட்டையின் முன்னால், பட்டியலில் ஏறாத இன்னொரு பழஞ்சின்னம் நின்றுபோயிருக்கிறது. ஐந்து நிமிடத்தில் நாலு பேர் கூடிவிடுவார்கள். "கார்புரேட்டர் அடைப்பு சார்" என்பார் ஒருவர். "நாலு பிளக்கையும் மாத்துங்க" என்பார் இன்னொருவர். மூன்றாமவர் தள்ளிப் பார்க்கலாம் என்று சட்டைக் கையை மடிப்பார்.

யாரையும் எதையும் தொட விடாதீர்கள். முதலில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். சத்தம் எங்கிருந்து வந்தது? பானெட்டுக்கு அடியிலிருந்தா, பின்னால் சைலன்சரிலிருந்தா? வாயிலா, வாலிலா? மெக்கானிக்குகள் இரண்டையுமே 'பேக் அடிக்குது' என்றுதான் சொல்வார்கள். ஆனால் இரண்டும் வேறு வேறு வியாதி. (உங்கள் அம்பாசிடர் டீசல் என்றால் மன்னிக்கவும், அதில் பிளக்கும் இல்லை, கார்புரேட்டரும் இல்லை. இந்தக் கட்டுரை உங்களுக்கு உதவாது.)

இந்த இரண்டு வெடிப்பும் உங்கள் சமையலறையில் ஏற்கெனவே நடந்திருக்கின்றன.

கேஸ் அடுப்பைச் சிம்மில் வைக்கிறீர்கள். பர்னர் கொஞ்சம் அடைத்திருக்கிறது. திடீரென்று 'பொக்' என்று ஒரு சத்தம். தீ பர்னர் தலையில் இல்லை. உள்ளே இறங்கி, கேஸ் வருகிற ஜெட்டின் வாயில் உஸ்ஸென்று எரிகிறது. தீ முன்னால் எரிய வேண்டியது, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. இன்ஜினில் இதுவே நடந்தால் கார்புரேட்டர் வழியாக வெடிப்பு. வாய் வெடிப்பு.

இன்னொரு காட்சி. கேஸைத் திறந்துவிட்டு லைட்டரை அழுத்துகிறீர்கள். 'டிக்'. பற்றவில்லை. 'டிக், டிக்'. பற்றவில்லை. கேஸ் வந்துகொண்டே இருக்கிறது. ஆறாவது 'டிக்'குக்குப் 'புஸ்' என்று ஒரு பெரிய தீ எழுந்து கைமுடியைப் பொசுக்கிவிட்டு அடங்குகிறது. எரியாமல் சேர்ந்ததெல்லாம் ஒரே நேரத்தில் எரிந்தது. இன்ஜினில் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் சேர்ந்து அங்கே பற்றினால், அது வால் வெடிப்பு.

வால் வெடிப்புக்குச் சத்தம் பெரிது, சேதம் சிறிது. வாய் வெடிப்புக்குச் சத்தம் சிறிதாகக்கூட இருக்கும், ஆனால் பயப்பட வேண்டியது அதற்குத்தான். கார்புரேட்டர் என்பது பெட்ரோல் நிற்கிற கிண்ணம். அதன் வாயில் தீ வந்து போயிருக்கிறது. எனவே மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பானெட்டைக் கொஞ்சமாகத் தூக்கி, தீயோ கருகல் நாற்றமோ பெட்ரோல் சொட்டலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர் காகிதம் உள்ளே கனன்றுகொண்டிருக்கலாம். தீ இருந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. எண்ணெய்ச் சட்டி பற்றினால் தண்ணீர் ஊற்றுவோமா? தீயணைப்பான் இல்லையென்றால் மண். செஞ்சியில் மண்ணுக்குப் பஞ்சமில்லை.

இரண்டு கதவுள்ள குக்கர்

தீ இல்லை, நாற்றமும் அடங்கிவிட்டது. இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம்.

ஒரு சிலிண்டரை, அடிப்பாகம் மேலும் கீழும் போய்வரும் ஒரு குக்கராக நினைத்துக்கொள்ளுங்கள். அந்த நகரும் அடிப்பாகம்தான் பிஸ்டன். மூடியில் இரண்டு கதவுகள். ஒன்று உள்ளே விட, ஒன்று வெளியே விட. அடிப்பாகம் இறங்கும்போது உள் கதவு திறந்து பெட்ரோலும் காற்றும் கலந்த புகை உள்ளே வருகிறது. அது மேலேறும்போது இரண்டு கதவுகளும் மூடி, கலவை நசுங்குகிறது. நசுங்கி முடிகிற நேரத்தில் ஒரு பொறி. வெடித்து அடிப்பாகத்தைக் கீழே தள்ளுகிறது. மறுபடி மேலேறும்போது வெளிக் கதவு திறந்து, எரிந்த புகை சைலன்சருக்குப் போகிறது. நான்கு வேலைகளுக்கு இரண்டு சுற்று.

இப்படி நான்கு குக்கர்கள். வண்டி சும்மா நின்று 800 சுற்றில் ஓடினாலே நிமிடத்துக்கு 1600 வெடிப்புகள். ராஜகிரி மேலே கிடக்கும் பீரங்கிக்கும் இதே சமையல் குறிப்புதான்: மூடிய குழாய், எரிபொருள், பொறி. பீரங்கிக்கு ஒரு முறை சுட்டபின் ஆற நேரம் உண்டு. உங்கள் இன்ஜினுக்குக் கிடையாது.

ஆக, இன்ஜின் ஓட நான்கு விஷயங்கள் போதும். பொறி இருக்க வேண்டும். பொறி சரியான நேரத்தில் விழ வேண்டும். பெட்ரோலும் காற்றும் சரியான பாகத்தில் வர வேண்டும். குக்கர் ஒழுகக் கூடாது. பேக் அடித்த வண்டியில் இந்த வரிசையிலேயே பார்ப்பது நல்லது. எடுத்த எடுப்பில் கார்புரேட்டரைக் கழற்றுகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்பது என் சொந்த அபிப்பிராயம். அதில் மணிக்கணக்காகத் துடைக்க எவ்வளவோ இருக்கிறது, ஆனால் சாலையோரத்தில் நின்ற வண்டிக்குக் கோளாறு பெரும்பாலும் பொறிப் பக்கத்தில்தான்.

பந்தியில் சாம்பார் பரிமாறுகிறவர்

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். அதை வைத்துக்கொண்டு பிளக் முனையில் பொறி தாவ வைக்க முடியாது. ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். காயில்தான் அதைச் செய்கிறது. எப்படி? சமையலறைக் குழாயை வேகமாகத் திறந்துவிட்டுப் பட்டென்று மூடிப் பாருங்கள். சுவருக்குள் பைப் 'டொக்' என்று அதிரும். ஓடுகிற தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் அதன் வேகம் எங்கே போகும்? ஒரு நொடி அழுத்தமாக மாறிச் சுவரை இடிக்கிறது. காயிலுக்குள் ஓடுகிற மின்சாரத்தையும் அதே மாதிரி வெட்டி நிறுத்தினால், அது உயர் வோல்ட்டாக எகிறுகிறது. குழாயை மூடுகிற கை, டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் பாயிண்ட். நான்கு சிலிண்டர் இன்ஜின் 3000 சுற்றில் ஓடும்போது அந்தச் சின்ன உலோக உதடுகள் விநாடிக்கு 100 முறை திறந்து மூடுகின்றன.

குழாய் சுத்தமாக மூடினால்தான் 'டொக்'. சொட்டிக்கொண்டே மூடினால் அதிர்வு வராது. பாயிண்ட் திறக்கும் கணத்தில் மின்சாரம் இடைவெளியைத் தாவி ஓடப் பார்க்கும். அந்தச் சொட்டைப் பிடித்துக்கொள்ளக் குழாய்க்கடியில் வைத்த டம்ளர்தான் கண்டென்சர், சுண்டு விரலளவு ஒரு டப்பி. அது செத்தால் பாயிண்ட் உதடுகள் நீலமாகப் பொறி கக்கிக் கருகும், பிளக்கில் பொறி சோகை பிடித்துப் போகும். வண்டி இருமும், பேக் அடிக்கும், சூடானதும் நிற்கும். விலை அற்பம். படுத்தும் பாடு அப்படியல்ல.

காயிலில் எகிறிய மின்சாரம் நடு ஒயர் வழியாக டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்கு வருகிறது. அங்கே ரோட்டார் என்று ஒருவர் வாளியும் கரண்டியுமாகச் சுற்றிக்கொண்டிருக்கிறார். பந்தியில் நான்கு இலைகள். அவர் இலை வரிசையில் போவதில்லை. முதல் இலை, மூன்றாம் இலை, நான்காம் இலை, இரண்டாம் இலை. 1-3-4-2. அம்பாசிடர், பத்மினி, ஒரு காலத்தில் சென்னைப் பக்கம் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, மூன்றுக்கும் இதே வரிசைதான். அம்பாசிடரில் ரோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றும். முதல் இலை ரேடியேட்டர் பக்கம்.

யாராவது பிளக் ஒயர்களைக் கழற்றித் துடைத்து மாற்றிச் செருகியிருந்தால், சோறு விழாத இலையில் சாம்பார் விழும். உள் கதவு திறந்து கலவை வந்துகொண்டிருக்கும் சிலிண்டரில் பொறி அடித்தால், தீ திறந்த கதவு வழியே கார்புரேட்டருக்கு ஓடும். வாய் வெடிப்புக்குப் பழைய, கெட்டிக்காரக் காரணம் இதுதான். நேற்று வரை நன்றாக ஓடி, இன்று சர்வீஸ் முடிந்து வந்ததும் பேக் அடிக்கிற வண்டியில் முதலில் ஒயர் வரிசையை எண்ணிப் பாருங்கள். மூடியில் மயிரிழை விரிசலோ, பென்சில் கோடு போன்ற கரித் தடமோ இருந்தாலும் இதே கதிதான். வாளியில் ஓட்டை, சாம்பார் பக்கத்து இலைக்கு ஒழுகுகிறது.

சோதனை எளிது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியிலிருந்து நடு ஒயரைப் பிடுங்கி, அதன் நுனி இன்ஜின் இரும்பிலிருந்து அரை சென்டிமீட்டர் தள்ளி நிற்கும்படி உலர்ந்த மர இடுக்கியிலோ கெட்டியான காய்ந்த துணியிலோ பிடித்துக்கொள்ளுங்கள். கார்புரேட்டருக்குப் பக்கத்தில் வேண்டாம். ஒருவர் செல்ஃப் அடிக்கட்டும். நீலமாக, 'சட் சட்' என்று சத்தத்தோடு தாவினால் காயில், பாயிண்ட், கண்டென்சர் மூவரும் நலம்; குற்றம் மூடியிலோ ரோட்டாரிலோ பிளக்கிலோ. மஞ்சளாக நூல் மாதிரி வந்தாலும், வராமலே போனாலும், பாயிண்டைப் பாருங்கள்.

இக்னிஷனை அணைத்து, மூடியைக் கழற்றி, இன்ஜினைச் சுற்றி, பாயிண்ட் முழுதாகத் திறக்கும் இடத்தில் நிறுத்துங்கள். இடைவெளி 0.35-லிருந்து 0.40 மில்லிமீட்டர். ஃபீலர் கேஜ் இல்லையா? கெட்டியான விசிட்டிங் கார்டு ஒன்று ஏறக்குறைய அந்தக் கனம்தான். உதடுகளுக்கு நடுவில் அதை இழுத்தால் கரியும் துடைபடும். பிளக் இடைவெளிக்கு மெக்கானிக்குகள் ஹாக்ஸா பிளேடைச் செருகிப் பார்ப்பதற்கும் காரணம் உண்டு. அதன் கனம் சுமார் 0.63 மில்லிமீட்டர், பிளக்குக்கு வேண்டியதும் அதுவே.

இங்கே இன்னொன்றும் கவனிக்கலாம். மூடி திறந்திருக்கும்போது ஒருவர் இன்ஜினைச் சுற்ற, ரோட்டார் சுற்றுகிறதா என்று பாருங்கள். இன்ஜின் சுற்றி, ரோட்டார் சும்மா நின்றால், உள்ளே பல்லோ செயினோ போய்விட்டது. கருவிப் பையை மூடிவிட்டு டோ பண்ண ஏற்பாடு செய்யுங்கள். மிச்சக் கட்டுரையை டீக்கடையில் உட்கார்ந்து படிக்கலாம்.

பால் பொங்குகிற கணம்

பொறி இருக்கிறது. நேரம் சரியா?

பால் பொங்கி வழிந்த பிறகு அடுப்பை அணைக்க ஓடுகிறவருக்கும், நுரை விளிம்புக்கு வரும் முன்பே நாபைத் திருப்புகிறவருக்கும் உள்ள வித்தியாசம்தான் டைமிங். கலவை பற்றிப் பரவக் கொஞ்சம் நேரமாகும். அதனால் பிஸ்டன் 'டாப்'புக்கு வருவதற்குச் சில டிகிரி முன்னதாகவே பொறி விழும்படி வைத்திருப்பார்கள். ரொம்ப முன்னால் விழுந்தால், ஏறிவரும் பிஸ்டனை வெடிப்பு கீழே தள்ளும். இன்ஜின் பின்னோக்கி உதைக்கும். ரொம்பத் தாமதமானால், வெளிக் கதவு திறந்த பிறகும் எரிந்துகொண்டே சைலன்சருக்குப் போகும். வால் வெடிப்பு.

டைமிங் தானாக நகருமா? நகரும், இரண்டு வழிகளில். ஒன்று மெதுவாக: பாயிண்டின் குதிகால் தேயத் தேய இடைவெளி குறுகும், பொறி தாமதமாகும். மாதக்கணக்கில் நடப்பதால் ஓட்டுகிறவருக்குத் தெரியாது, 'இழுவை கொஞ்சம் கம்மி' என்று மட்டும் தோன்றும். இரண்டாவது ஒரே அடியில்: டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் கிளாம்ப் போல்ட் தளர்ந்திருந்தால், பேக் அடித்த உதறலில் அந்த உடம்பே திரும்பிவிடும். வெடிப்புக்குக் காரணம் ஒன்று, வெடித்த பிறகு ஸ்டார்ட் ஆகாததற்குக் காரணம் இன்னொன்று என்று வண்டி இரண்டு முடிச்சுப் போட்டுவிடுகிறது. பேக் அடித்த வண்டியைப் பார்க்கும்போது இதைத்தான் மறந்துவிடுகிறோம். டிஸ்ட்ரிபியூட்டரைக் கையால் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். அசையக் கூடாது. அசைந்தால் இன்றைய வேலை அதுதான்.

சரிசெய்ய, முதல் பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கட்டைவிரலை வைத்து இன்ஜினை மெல்லச் சுற்றுங்கள். விரலை மூச்சு தள்ளும் சுற்றுதான் நசுக்கும் சுற்று. இதைப் பார்க்காமல் பிஸ்டன் மேலே வந்ததை மட்டும் நம்பினால், பாதி வாய்ப்பு தவறாகிவிடும். ஏனென்றால் முதல் பிஸ்டனும் நான்காம் பிஸ்டனும் சேர்ந்தே ஏறும், சேர்ந்தே இறங்கும். மூச்சு தள்ளி, முன்பக்கப் புல்லியின் குறி டாப்புக்குச் சற்று முன் வரும்போது, ரோட்டார் முதல் ஒயரைக் காட்ட வேண்டும், பாயிண்ட் அப்போதுதான் திறக்கத் தொடங்க வேண்டும். பாயிண்ட் ஒயருக்கும் இரும்புக்கும் நடுவில் ஒரு சின்ன 12 வோல்ட் பல்பைப் பிடித்து இக்னிஷனைப் போட்டால், திறக்கும் கணத்தில் பல்பு எரியும்.

கையால் சுற்றுவது என்றதும் ஒரு எச்சரிக்கை. பழைய அம்பாசிடர்களில் முன்னாலிருந்து ஹேண்டில் போட்டுச் சுற்ற முடியும். பேக் அடித்த வண்டியில் இக்னிஷன் போட்டு ஹேண்டில் சுற்றாதீர்கள். டைமிங் முந்திக் கிடந்தால் ஹேண்டில் திருப்பி அடித்து மணிக்கட்டை முறிக்கும். சுற்றியே ஆக வேண்டும் என்றால் கட்டைவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கம் வைத்து, கீழிருந்து மேலே இழுக்க வேண்டும். மேலிருந்து அழுத்தக் கூடாது. 1912-இல் காடிலாக் காரில் மின்சார செல்ஃப் வந்தது இந்த உதைக்குப் பயந்துதான். அதைச் செய்த சார்லஸ் கெட்டரிங் பெயரால்தான் மேலே சொன்ன பாயிண்ட்–காயில் ஏற்பாடும் அழைக்கப்படுகிறது. ஒரே மனிதர் பொறியையும் கொடுத்தார், அந்தப் பொறியிடமிருந்து நம் கையையும் காப்பாற்றினார்.

மாவும் தண்ணீரும்

இப்போது கார்புரேட்டருக்கு வரலாம். ஒரு கிலோ பெட்ரோல் சுத்தமாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். காற்று எவ்வளவு என்று கண்ணுக்குத் தெரியாததால் இந்த எண் மனதில் நிற்பதில்லை. இப்படிச் சொல்கிறேன்: நீள அகல உயரம் மூன்றும் பத்தடியான ஒரு சமையலறையின் மொத்தக் காற்றும் மூன்று லிட்டர் பெட்ரோலுக்குத்தான் காணும்.

பெட்ரோல் கூடினால் புகை, கரி, நனைந்த பிளக். குறைந்தால்? கலவை ஈர விறகு மாதிரி மெதுவாக எரியும். எவ்வளவு மெதுவாக என்றால், ஒரு சுற்று முடிந்து உள் கதவு மறுபடி திறக்கும்போதும் உள்ளே கங்கு மிச்சமிருக்கும். வந்துகொண்டிருக்கும் புதுக் கலவையை அது பற்றவைக்க, தீ கார்புரேட்டருக்குத் திரும்பும். ஆக்ஸிலேட்டரை மிதித்ததும் முன்னால் 'பக், பக்' என்று தும்முகிற வண்டி பெட்ரோலுக்கு ஏங்குகிறது என்று பொருள். ஃபில்டர் அடைப்பு, ஜெட் அடைப்பு, கேஸ்கெட் வழியே திருட்டுக் காற்று, மூன்றும் இதைச் செய்யும்.

இதில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. இன்று பங்க்கில் நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். எத்தனால் தன்னோடு கொஞ்சம் ஆக்சிஜனையும் சுமந்து வருவதால், அதற்கு வெளிக்காற்று குறைவாகப் போதும். பழைய ஜெட் பழைய பெட்ரோலுக்கு அளந்து துளைத்தது. அதே கரண்டியால் ஊற்றினாலும், இப்போது மாவு நீர்த்தே விழுகிறது. அதோடு அந்தக் காலத்து ரப்பர் குழாய்களையும் டயாஃப்ரத்தையும் எத்தனால் ஊறவைத்துத் தின்னும். டேங்கில் படிந்த பழைய அழுக்கைக் கரைத்து ஜெட்டுக்கு அனுப்பும். காற்றின் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் நின்ற வண்டியில், தயிர் தண்ணீர் விட்டதுபோல் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும். டேங்க் அடியிலிருந்துதான் உறிஞ்சப்படுகிறது. வருஷத்துக்கு இரண்டு முறை கல்யாண ஊர்வலத்துக்கு மட்டும் வெளியே எடுக்கிற வண்டிகள் ஏன் வழியில் நிற்கின்றன என்பதற்கு இதில் பாதி பதில் இருக்கிறது. குழாய்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுவதும், கலவையைக் கொஞ்சம் கூட்டி வைப்பதும் இனித் தவிர்க்க முடியாத செலவு.

செஞ்சி வெயில் இன்னொரு வேடிக்கையும் காட்டும். ஓடிய வண்டியை நிறுத்தியதும் இன்ஜின் சூடு கொஞ்ச நேரம் மேலேதான் ஏறும். ஃபேனும் இல்லை, காற்றும் இல்லை. பம்புக்குள் பெட்ரோல் கொதித்து ஆவியாகும். பம்ப் திரவத்தைத் தள்ளத் தெரிந்தது, ஆவியைத் தள்ளத் தெரியாதது. இந்தப் பம்பைத்தான் மெக்கானிக்குகள் 'ஏசி பம்ப்' என்பார்கள். குளிர்சாதனத்துக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆல்பர்ட் சாம்பியன் என்ற பிரெஞ்சு சைக்கிள் பந்தய வீரர் அமெரிக்கா போய்த் தொடங்கிய கம்பெனியின் முத்திரை அது, அவர் பெயரின் முதலெழுத்துக்கள். சாம்பியன் பிளக்கில் இருப்பதும் அதே ஆள்தான். அந்தப் பம்பின் மேல் ஈரத் துணியைச் சுற்றிப் பத்து நிமிடம் காத்திருந்தால் ஆவி மறுபடி பெட்ரோலாகும். பக்கத்திலிருக்கும் சூடான இரும்புக் குழாயில் தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், விரிசல் விடும்.

பெட்ரோல் ஏறவில்லை என்றதும் கார்புரேட்டர் வாயில் நேராகப் பெட்ரோல் ஊற்றிவிட்டு 'அடிங்க சார்' என்கிற வைத்தியம் ஒன்று உண்டு. சற்றுமுன் தீ துப்பிய வாய் அது. வேண்டாம்.

கடைசியாகக் குக்கர். அடுப்படியிலும் இன்ஜினிலும் ஒரே பெயரோடு இருக்கும் பொருள் கேஸ்கெட். குக்கர் கேஸ்கெட் தளர்ந்தால் விசில் வராது. ஹெட் கேஸ்கெட் போனால் வெடிப்பு நிற்காது. இக்னிஷனை அணைத்து ஹேண்டிலை இரண்டு சுற்றுச் சுற்றினால், நான்கு முறை கை கனக்க வேண்டும், நான்கும் ஒரே கனமாக. ஒன்று மட்டும் லேசாக இருந்தால் வால்வோ கேஸ்கெட்டோ போய்விட்டது. சாலையோர வேலை இல்லை. வாய் வெடிப்பில் இதோடு இன்னும் இரண்டு இடம் பார்க்க வேண்டும்: கார்புரேட்டருக்கும் டிஸ்ட்ரிபியூட்டருக்கும் நடுவிலுள்ள மெல்லிய வாக்யூம் குழாய் கழன்றிருக்கிறதா, கார்புரேட்டர் அடியில் கேஸ்கெட் பிதுங்கியிருக்கிறதா. இரண்டும் திருட்டுக் காற்று வரும் வழிகள்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். சத்தம் பின்னாலிருந்து வந்தது. சைலன்சர் வாயில் கறுப்பாகப் புகை. கதை இப்படித்தான் போயிருக்கும். பாயிண்ட் குதிகால் தேய்ந்து பொறி ஏற்கெனவே சோம்பல். இன்ஜின் சூடாக இருக்கும்போதே நீங்கள் சோக்கை இழுத்தீர்கள். சூடான இன்ஜினுக்குச் சோக் தேவையே இல்லை. கெட்டியான கலவை, நோஞ்சான் பொறி. மூன்று முறை முனகியபோதும் எரியாத பெட்ரோல் சைலன்சருக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு பொறி தப்பித் தவறிப் பிடித்தபோது அந்தத் தீ பின்னால் போய், சேர்ந்ததை எல்லாம் வெடித்தது. இதற்குள் நான்கு பிளக்கும் நனைந்துவிட்டன. ஈர லைட்டரை எத்தனை முறை அழுத்தி என்ன?

பிளக்குகளைக் கழற்றித் துடைத்து, பக்கத்துப் பாறையில் பரப்புங்கள். மே மாதச் செஞ்சிப் பாறை தோசைக்கல்லுக்குக் குறைந்ததல்ல; பத்து நிமிடம் போதும். அதற்குள் விசிட்டிங் கார்டால் பாயிண்டைத் துடைத்து இடைவெளியைச் சரிசெய்துவிடலாம். பிளக்குகளைத் திரும்ப மாட்டி, சோக்கை முழுதாக உள்ளே தள்ளுங்கள். ஆக்ஸிலேட்டரைத் தரைவரை அழுத்திப் பிடியுங்கள். விட்டு விட்டு மிதித்தால் இன்னும் பெட்ரோல் ஊற்றியதாகிவிடும். பத்து விநாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள், நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு கொடுங்கள். முதலில் இருமும், ஒரு சிலிண்டர் பிடிக்கும், பிறகு மற்றவை. கறுப்புப் புகை கொஞ்ச நேரம் வரும். திருவண்ணாமலை இன்னும் 40 கிலோமீட்டருக்குள்தான்.

அடுத்த முறை கிளம்பும்போது ஒரு செட் பாயிண்ட், ஒரு கண்டென்சர், ஒரு ரோட்டார், ஒரு ஹாக்ஸா பிளேடுத் துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். நான்கும் சேர்ந்து டிபன் கேரியரின் மேல் தட்டில், ஊறுகாய் வைக்கிற இடத்தில் அடங்கும்.